விட்டாச்சு

"விட்டுட்டாங்க" என்றான் நஜ்முதீன்
படியேறி வரும்போதே.
கீழே உரக்கடையில் யூரியா நிறுத்துக்கொண்டிருந்தவர்
தலை நிமிர்த்திக் கேட்டார்: "எத்தனை கன அடி?"

"நாலு புள்ளி பூஜ்ஜியம், மாமா."

"அது எந்த மூலைக்கு" என்று
தராசுக்கே திரும்பிவிட்டார்.

மன்னார்குடி. ஆனி பிறந்து ஐந்து நாள்.
மாடியில் மூன்று மடிக்கணினி, ஒரு இன்வெர்ட்டர்,
பூச்சிமருந்து வாடை ஏறிப்போன திரைச்சீலை.
முகம் தெரியாத ஊர்களில் யார் யாரோ
கூலி கேட்காமல் எழுதிச் சேர்த்த மொழி
இறங்கிக்கொண்டிருந்தது,
அறுபத்திரண்டில் நின்று,
அறுபத்து மூன்றில் நின்று.

செம்மலர் மாற்றக் குறிப்பை உரக்க வாசித்தாள்.
வேகம் பதினோரு சதவீதம் கூடியிருக்கிறது.
யாரும் நிமிரவில்லை.
பழைய தேதி பங்ஷனை எடுத்துவிட்டார்கள்.
பிரிட்டோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
பிறகு பதினான்காவது வரி:
இன்மையும் பூஜ்ஜியமும் இனி ஒன்றல்ல.
ஒன்றை மற்றதாகக் கணக்கில் எடுத்தால்
நிரல் அங்கேயே நிற்கும்.

"இதுக்கா ஒரு புதுப் பதிப்பு?
காலி டம்ளர், டம்ளரே இல்ல,
ரெண்டுலயும் டீ இல்லதானே" என்றான் பிரிட்டோ.

"டம்ளர் இருந்தா ஊத்தலாம்" என்றாள் செம்மலர்.

நஜ்முதீனுக்கு வேறு கவலை.
முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் உடையும்.
ஓடுகிற மோட்டாரை எவனாவது பிரிப்பானா?
பழசுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயுள் உண்டு,
அதற்குள் ஒப்பந்தமே முடிந்துவிடும்.
கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும்
எங்கள் குரல் எங்களுக்கே பெரிதாகக் கேட்டது.
கொஞ்ச நேரம் மெதுவாகச் சண்டை போட்டோம்.

ஓட்டித்தான் பார்ப்போமே என்றது நான்.

முந்நூற்றுப் பதினொன்றும் தூசி.
சாயங்காலத்துக்குள் துடைத்துவிடலாம்.
மிச்சம் ஒன்று, இருநூற்றெட்டாம் வரி:
வேண்டிய மட்டத்தில் வந்த மட்டம் போகக் குறை எவ்வளவு?
வந்தது இன்மை என்றால் குறையும் இன்மை.
குறை பூஜ்ஜியமா?
ஆம் என்று தலையாட்டியிருக்கிறது பழைய மொழி.
பூஜ்ஜியம் என்றால் பச்சை.

தலைஞாயிற்றுப் பக்கம் ஏழு மதகு.
மூன்று வருஷம் முந்தைய புயலில்
அளவுமானிகள் வாயடைத்துப்போன ஏழு மதகு.
திங்கள்தோறும் அலுவலகத்துக்கு நாங்கள் அனுப்பிய தாளில்
ஏழும் பச்சை.
கடைமடை: குறை இல்லை.
ஆற்றுக்கு அரிச்சந்திரா நதி என்று பெயர்.
பொய் சொன்னது நாங்கள்.

யார் எழுதிய வரி என்று கருவியைக் கேட்டோம்.
என் பெயரைச் சொன்னது.
இரவு பதினொன்று நாற்பது என்றும் சொன்னது.
அன்று என்ன அவசரம் எனக்கு,
யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.
பிரிட்டோ என் பக்கம் பார்க்காமல்
சார்ஜர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்,
பிரித்தான், திரும்பச் சுற்றினான்.

நஜ்முதீன் வண்டிச் சாவியை எடுத்தான்.
போகவர நூறு கிலோமீட்டர்,
பாதி தூரம் ரோடு இருக்காது.
கீழே உரக்கடைக்காரர் மறித்தார்:
"மூணாறு தலைப்புக்கு வந்துடுச்சாமே.
கடைசி வரைக்கும் போகுமா?
உங்க பொட்டியில என்ன போட்டிருக்கு?"

"தெரியல, மாமா" என்றான்.
நாலு வருஷத்தில் முதல் தடவை.

மேலே, பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில்
தெரியாததற்கு என்ன நிறம் என்று
பேச்சு ஓடுகிறது இன்னும்.
சாம்பல் என்றேன் நான்.
சாம்பலை யாரும் பார்க்கமாட்டார்கள் என்றாள் செம்மலர்.
ஊதா என்றான் பிரிட்டோ.
"ஊதாவுக்கு என்ன அர்த்தம்னு கேப்பாங்களேடா."

"கேக்கட்டும்."